அருமைநாயகத்துக்குக் கற்கள் வழிவிட்ட வருஷம்

பரல்விளையில் கற்கள் அதிகம் என்பதையும், அந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற அருமைநாயகத்துக்குக் கால்விரல்கள் குறைவு என்பதையும் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். தோண்டினால் கல், தோண்டாவிட்டாலும் கல், ஆடுகள்கூடப் பார்த்துப் பார்த்துக் குளம்பு வைக்கிற ஊர் அது. அந்த ஊரின் ஏழு தெருவுக்கும் அருமைநாயகம் விடிந்ததும் விடியாததுமாக நடந்து போய், மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற குழாய்களின் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, பிறகு அதே ஏழு தெருவுக்கும் திரும்ப நடந்து ஒவ்வொன்றாக மூடிவிட்டு வருவார். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய் இருந்ததால் அவருடைய இடது பாதத்துக்கு உணர்ச்சி போய்விட்டிருந்தது. முள் குத்தினாலும் தெரியாது, கங்கு பட்டாலும் தெரியாது. அப்படித் தெரியாமல் ஒரு கல்லில் இடித்துக்கொண்டதில் முதலில் சுண்டுவிரல் போனது, அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்து விரல் துணைக்குப் போனது. மூன்றாவது முறை காயம் பட்டால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் பாதம் வரைந்து அதன் நடுவே கோடு போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அருமைநாயகம் தரையைப் பார்த்துத்தான் நடந்தார். எதிரே வருகிறவர்கள் அவருடைய வழுக்கையைப் பார்த்துத்தான் தோத்திரம் சொன்னார்கள், அவரும் அவர்களுடைய செருப்பைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஊரில் யார் யாருக்கு என்ன செருப்பு என்று அவரைப்போல் அறிந்தவர் கிடையாது.

அந்த ஊர்க் கோயிலில், மற்ற எல்லாச் சபைகளையும் போலவே, வருஷத்தின் முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு பித்தளைத் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம் இருக்கும். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்த அட்டையில் இருப்பதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுத்த வாக்குத்தத்தம். மாற்றிக்கொள்ளக் கூடாது, இரண்டாவது எடுக்கக் கூடாது, பிடிக்காததைத் தட்டுக்கு அடியில் செருகிவைக்கக் கூடாது. அருமைநாயகம் சர்க்கரை குணமாகும் என்று ஒரு வசனம் வர வேண்டுமென்று கார்த்திகை மாதத்திலிருந்தே ஜெபித்துவந்தார். ஆனால் அவர் எடுத்த அட்டையில், கல்லில் உன் கால் இடறாது என்று இருந்தது. அவருக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரைக்கோ, நீ வாலாகாமல் தலையாவாய் என்று வந்திருந்தது. பொன்னுத்துரை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபைக் கமிட்டியில் செயலர், இதற்கு மேல் எங்கே தலையாவது என்று தெரியாமலேயே மனம் குளிர்ந்துபோய், "வே, எனக்குத் தலை விழுந்திருக்கு, உமக்குக் கால் விழுந்திருக்கு" என்றார்.

அருமைநாயகம் வீட்டுக்கு வந்து மனைவி லேயாளிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, தின்பண்டம் பறிகொடுத்தவர்போல உட்கார்ந்துகொண்டார். லேயாள் அதை இரண்டு முறை படித்தாள். கேட்டதைக் கொடுக்கவில்லையென்றாலும் சரியான இடத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார், சர்க்கரையை அவர் வேறொரு வருஷம் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி, அரிசிப் பானைக்கு மேலே சுவரில் அட்டையை ஒட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் அது நடந்தது. மூன்றாம் தெரு வால்வுக்குப் பக்கத்தில் பாதி புதைந்த ஒரு கல் உண்டு. அவருடைய சுண்டுவிரலை வாங்கியது அதுதான். வழக்கம்போல அதைக் கண்ணால் தேடிப் பிடித்து அவர் காலைத் தள்ளி வைக்கப் போகும்போது, கல் மண்ணிலிருந்து மெல்ல எழுந்து, மேலிருந்த தூசியை உதறி, பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கு இடம்விடுகிறவர் நகர்ந்து உட்காருவதுபோல, இரண்டு சாண் தள்ளிப்போய் உட்கார்ந்தது. அருமைநாயகம் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அதுவும் தன் பங்குக்குச் சும்மா இருந்தது. அதற்குள் தெருவில் குடங்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டதால் அவர் வால்வைத் திறந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். அங்கேயும் சின்னதும் பெரியதுமாக நாற்பது ஐம்பது கற்கள் அவர் வருவதற்கு முன்பே எழுந்து ஓரமாக நின்றுகொண்டன.

ஊர் இதற்குப் பெரிதாக ஒன்றும் பதறவில்லை. வாக்குத்தத்தம் என்று ஒன்றைக் கொடுத்தால் அது நடக்கத்தானே செய்யும், அதற்குத்தானே வருஷாவருஷம் தட்டில் வைக்கிறார்கள் என்று கிழவர்கள் சொன்னார்கள். பதறியவர் ஒரே ஒருவர், போதகரான சற்குணம் ஐயர்தான். ஆண்டவர் வாக்கு மாறாதவர் என்று பதினொரு வருஷமாகப் பீடத்தில் நின்று பிரசங்கம் பண்ணிவந்தவர், அது கண்ணுக்கு முன்னால் உருண்டு போவதைப் பார்த்ததும் வேர்த்துப்போய், வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

முதல் தொந்தரவு லேயாளுக்குத்தான் வந்தது. அருமைநாயகம் கை கழுவப் புறவாசலுக்குப் போனதும் அவளுடைய துவைகல் எழுந்து வேலியைத் தாண்டிப் பொன்னுத்துரை வீட்டுப் பக்கம் போய்விட்டது. கொடுங்கள் என்று கேட்டால், தானாக வந்த கல்லை நாங்கள் எப்படித் தருவது என்று பொன்னுத்துரையின் மனைவி சட்டம் பேசினாள். அம்மிக்கல் அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. ஆட்டுக்கல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதால் லேயாள் மூன்று நாள் குப்புறப் படுத்துக்கொண்டு மாவாட்டினாள். ஆனால் அவள் சும்மா இருக்கிற பெண்ணும் இல்லை. ரேஷன் அரிசியைச் சுளகில் போட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது காலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். அரிசியில் கிடந்த கற்களெல்லாம் தத்துக்கிளிபோல வெளியே குதித்தோடிவிடும். இதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் சுளகோடு வந்து சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். அவர்கள் தன்னிடம் செய்தி கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அருமைநாயகம் பேப்பரை உரக்கப் படித்தார்.

கோயிலுக்குள் போவது பெரிய சிக்கலாயிற்று. செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏற வேண்டிய வாசல். மூன்று கருங்கல் படிகள், எந்தக் காலத்திலோ காரை பூசாமல் அடுக்கியவை. அவர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கியதும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டன. ஆறு பேர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பித் திரும்பவும் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி போய்விட்டன. கடைசியில் கமிட்டி கூடி, படிகள் வேப்பமரத்தடியிலேயே இருக்கட்டும், ஆராதனை முடிந்து பேசிக்கொண்டிருக்க வசதியாக இருக்கிறது, வாசலுக்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கோயில் சுவரே விலகிவிடுமோ என்று ஒருவர் பயந்தார். சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் அடைபட்ட கல் கைதிக்குச் சமம், அதால் நகர முடியாது என்று ஐயர் விளக்கம் சொன்னார். எப்படி அந்த விளக்கம் தன் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை, ஆனால் அது சரியாகத்தான் இருந்தது.

விவசாயம் பண்ணுகிறவர்கள் அவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டதும் காலாற ஒரு நடை போய்வரலாமே என்று தங்கள் வயலுக்குள் கூட்டிப்போனார்கள். அவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் போதும், பரம்பரை பரம்பரையாகக் கலப்பையை உடைத்த கற்களெல்லாம் வரப்போரம் போய் மதில் கட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்து வயல்காரன் என் பக்கம் ஏன் தள்ளினாய் என்று சண்டைக்கு வருவான், அவனுக்காக அடுத்த நாள் அங்கேயும் போய் நடக்க வேண்டும். அந்த மாசியில் பரல்விளைக் கற்கள் உட்கார்ந்த நேரத்தைவிட நடந்த நேரம்தான் அதிகம். தெருவுக்குத் தார் போட ஜல்லி பரப்பினார்கள். காலையில் அவர் வால்வு திறக்கப் போனதும் ஜல்லி முழுவதும் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் குவியலாக ஏறி நின்றது. மூன்று நாள் பரப்பினார்கள், மூன்று நாளும் பிரிந்தது. சாலை போடுகிற மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து, ஊர் கூடி அருமைநாயகத்தை இரண்டு நாள் மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அந்த இரண்டு நாளில் தார் போட்டு முடிந்தது, குடிக்கத் தண்ணீர்தான் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஏழாம் தெருக் கடைசியில், பக்கத்து ஊர்க்காரர்களின் மாடசாமி கோயில் இருந்தது, அதற்குக் கல்பீடம். அதன் பொறுப்பைப் பார்க்கிற பேச்சிமுத்து ஒருநாள் சாயங்காலம் வந்து, தயங்கித் தயங்கி, அண்ணாச்சி கோயிலுக்கு முன்னால் வராமல் பின்பக்கச் சந்து வழியாக வால்வுக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். அருமைநாயகம் உடனே சம்மதித்தார். எனக்குக் கிடைத்த வாக்குக்காக இன்னொருவர் சாமியை எழுந்திருக்கச் சொல்வது மரியாதையில்லை என்றார். அந்த மரியாதையில் இருவரும் சிநேகமானார்கள். சிநேகமான பிறகு பேச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். சிறுநீரகத்தில் ஒன்பது மில்லிமீட்டரில் ஒரு கல்.

ஒரு மனிதர் வயிற்றில் கால் வைக்க மாட்டேன் என்று அருமைநாயகம் மறுத்தார். வைக்க வேண்டாம், காட்டினால் போதும் என்று சொல்லிப் பேச்சிமுத்து தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தார். அருமைநாயகம் தொட்டியின் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணி, இடது காலை அவருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நீட்டினார். கால் வருகிறது என்பது உள்ளே இருந்த கல்லுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பேச்சிமுத்துவின் முகம் மாறியது. எழுந்து கருவேலம் புதருக்குப் பின்னால் வேகமாகப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது, அதற்குள் கல் ஒன்று கடகடத்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் தொட்டிக்குக் கீழே நாலைந்து பேர் துண்டு விரித்துப் படுத்திருப்பது வழக்கமாயிற்று. சோப்புப் போட்டுக் கழுவாமல் யாருக்கும் காலைக் காட்டக் கூடாது என்று லேயாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் பார்த்து மற்றவர்கள் தங்கள் அட்டைகளைத் தேடி எடுத்தார்கள். காலண்டருக்குப் பின்னாலும் பீரோவுக்கு அடியிலும் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்கு வந்து, எங்களுடையது எப்போது என்று கேட்டார்கள். என் பாத்திரம் நிரம்பி வழியும் என்று வந்திருக்கிறது, குடத்தில் பாதிகூட நிறைவதில்லை என்று ஐந்தாம் தெருப் பெண்ணொருத்தி முறையிட்டாள். ஐயர் யோசித்துப்பார்த்து அவளை அருமைநாயகத்திடம் அனுப்பினார். அவர் அன்று ஐந்தாம் தெரு வால்வை அரைமணி நேரம் கூடுதலாகத் திறந்துவிட்டார். குடம் நிரம்பி வழிந்தது. அவள் கோயிலில் போய்ச் சாட்சி சொன்னாள்.

பொன்னுத்துரைக்கு மட்டும் எதுவும் நடக்கவில்லை. தலை அதே இடத்தில்தான் இருந்தது. போதாததற்குப் பங்குனியில் ஊரில் ஒரு பெரியவர் இறந்து, அடக்கத்துக்கு அருமைநாயகமும் கல்லறைத் தோட்டத்துக்குள் போனார். போனதும் சிலுவைக் கற்களும் பெயர் வெட்டிய கற்களும் எழுந்து மரியாதையாக வழிவிட்டன; விட்டவை திரும்பி அவரவர் இடத்துக்குப் போகாமல் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டன. பொன்னுத்துரையின் அப்பா பெயர் வெட்டிய கல், எட்டுக் கல்லறைகளைத் தாண்டிப்போய், அப்பா தன் வாலிபத்தில் கல்யாணம் பண்ண ஆசைப்பட்டு வீட்டில் விடாமல் போன ஒரு பெண்ணின் தலைமாட்டில், கொஞ்சம் சாய்ந்தாற்போல நின்றது. அது தற்செயல்தான் என்று ஐயர் எவ்வளவோ சொன்னார். தொண்ணூற்றொரு வயதில் உயிரோடிருந்த பொன்னுத்துரையின் அம்மா அந்தச் செய்தியைக் கேட்டு மூன்று வேளை சாப்பிடவில்லை. நாலாவது வேளை, இவ்வளவு காலம் ஒளித்துவைத்திருந்தாரே என்று சொல்லிவிட்டு இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

பொன்னுத்துரையால் தாங்க முடியவில்லை. மறுநாள் அருமைநாயகம் தொட்டி கழுவுவதற்காக இரும்பு ஏணியில் மேலே ஏறியிருந்தபோது அவர் கீழே வந்து நின்றார். சுற்றிலும் இருபது முப்பது பேர் கூடினார்கள். பொன்னுத்துரை பள்ளிக்கூடத்து மணியடித்த குரலில், "வே அருமைநாயகம், உமக்கு நிஜமாவே விசுவாசம் இருந்தா அங்கயிருந்து குதியும். கால்தான் கல்லுல படாதே" என்றார்.

கீழே பார்த்தால் கற்கள் எல்லாம் ஏற்கெனவே வட்டமாக விலகி, நடுவில் பாய் விரித்ததுபோல மண்தரையை விட்டுவைத்திருந்தன. அருமைநாயகத்துக்கு ஒரு கணம் அது சரிதானே என்றுகூடத் தோன்றியது. பிறகு, ஈரத் துடைப்பத்தை உதறிவிட்டு, குதித்தால் தண்ணீர் திறக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, ஏணி வழியாகவே இறங்கிவந்தார். ஆனாலும் மனம் ஆறவில்லை. சாயங்காலம் ஐயரிடம் போய்ச் சொன்னார். ஐயர் மெல்லத்தான் சொன்னார்: இதே வசனத்தைச் சொல்லி, உயரமான ஓரிடத்தில் நிறுத்தி, குதி என்று ஆண்டவரிடமே ஒருவன் கேட்டிருக்கிறான், யாரென்று உங்களுக்குத் தெரியும். அருமைநாயகத்துக்குத் தெரியும். அப்படியானால் மூன்று மாதமாக நான் பிசாசின் வசனத்தையா அரிசிப் பானைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன் என்று கேட்டார்.

"வசனம் நம்ம ஆண்டவருடையதுதான், அண்ணாச்சி. சொன்ன ஆள்தான் சரியில்ல" என்றார் ஐயர்.

இப்படி ஆவணி வரைக்கும் போயிற்று. ஆஸ்பத்திரியில் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர், ஒரு கீறல்கூட இல்லை, பச்சைப்பிள்ளை பாதம்போல இருக்கிறது என்று சொல்லி, கோடு போட்ட அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டார். ஆனால் லேயாள் மட்டும் ஒன்றைக் கவனித்துவந்தாள். கற்கள் விலகுகின்றன, வயல்கள் சுத்தமாகின்றன, ஊர் முழுக்க அவருடைய காலைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் மட்டும் இன்னமும் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார். ஒருநாள் அவர் சாப்பிடும்போது அதைக் கேட்டுவிட்டாள். அவர் ரசத்தைப் பிசைந்து முடித்தார். பிறகு, ஏதாவது ஒரு கல்லுக்கு விஷயம் தெரியாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றார்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றை அவர் அவளிடமும் சொல்லவில்லை. அட்டை ஒரு வருஷத்துக்குத்தான். ஐப்பசி மழை தொடங்கியதும் அவருக்குத் தூக்கம் குறைந்தது. டிசம்பர் முப்பத்தொன்றோடு இது முடிந்துவிட்டால், வருஷம் முழுக்க எழுந்து நின்ற களைப்பிலும் கோபத்திலும் இருக்கிற இத்தனை கற்களுக்கு நடுவே ஜனவரி ஒன்றாம் தேதி தான் எப்படி நடப்பது என்று நினைத்து நினைத்து மெலிந்தார். ஆற்றமாட்டாமல் ஐயரிடம் போய், வாக்குத்தத்தத்துக்கு வேலிடிட்டி எத்தனை நாள் என்று கேட்டார். அட்டைக்குத்தான் ஒரு வருஷம், வாக்குக்கு அப்படியில்லை என்று ஐயர் சொன்னார். சொல்லி அவரை அனுப்பிவிட்டு, தான் சொன்னது சரியாக இருக்க வேண்டுமே என்று உள்ளே போய் முழங்காலில் நின்றார்.

புது வருஷம் வந்தது. அன்று கோயில் நிறைந்து, வாசலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். தீப்பெட்டிக்கு நன்றி சொல்ல ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்த பேச்சிமுத்துவும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அருமைநாயகம் வரிசையில் கடைசிக்கும் கடைசியாகப் போனார். இன்னொரு அட்டை எடுத்தால் பழையது ரத்தாகிவிடுமோ என்று பயந்து நழுவப் பார்த்தவரை லேயாள்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். தட்டில் ஒரே ஒரு அட்டை மிச்சம். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று ஐயரிடமே கொடுத்தார். ஐயர் மனதுக்குள் படித்தார், பிறகு வேறு வழியில்லாமல் வாய்விட்டுப் படித்தார். கன்மலையின்மேல் உன் கால்களை நிறுத்துவேன் என்று இருந்தது.

கோயில் மொத்தமும் எட்டி அருமைநாயகத்தின் காலைப் பார்த்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கல்லில் கால் படாது என்று போன வருஷ வாக்கு. கல்மேல்தான் கால் நிற்கும் என்று இந்த வருஷ வாக்கு. முதலாவது செல்லாது, இரண்டாவதுதான் செல்லும் என்றார்கள் சிலர். ஆண்டவர் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறவரா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கன்மலை என்பது கல்லே அல்ல, மலை, ஆகவே அவரை மேற்கே மலைக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு வரலாம் என்று பொன்னுத்துரை இலக்கணப்படி விளக்கினார். ஐயர் பேராயருக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசித்தார். சத்தம் கேட்டுப் பேச்சிமுத்து வாசலில் எட்டிப்பார்த்து விவரம் விசாரித்தார், கேட்டுவிட்டு, "ரெண்டு வாக்கையும் குடுத்தவருக்குல்லா அந்தக் கவலை. நமக்கு என்ன வந்துச்சு" என்றார்.

வெளியே போகிற நேரம் வந்தது. அப்போதுதான் வாசலில் பலகை இல்லை என்று தெரிந்தது. புது வருஷக் கேக்கையும் டீ கிளாஸ்களையும் அடுக்குவதற்காக அதை எடுத்து இரண்டு பெஞ்சுக்கு நடுவே போட்டிருந்தார்கள். இளவட்டங்கள் குதித்து இறங்கினார்கள், பெண்கள் கைபிடித்து இறங்கினார்கள், ஐயர் அங்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எல்லோரும் இறங்கிய பிறகு இரண்டு முழ உயரத்தில், வெறுங்காலோடு, அருமைநாயகம் மட்டும் வாசலில் நின்றார்.

அவர் வழக்கம்போலக் கீழே பார்த்தார். வேப்பமரத்தடியில் ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்த மூன்று படிகளும் எழுந்திருந்தன. கொஞ்சம் முன்னால் வந்தன, நின்றன, பின்னால் போயின, மறுபடி வந்தன. இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிடப்பட்ட ஆட்டுக்குட்டிகள்போல என்ன செய்வதென்று தெரியாமல் தத்தளித்தன. வயலோரங்களிலிருந்தும் கல்லறைத் தோட்டத்திலிருந்தும் மற்றக் கற்களின் அரவம் கேட்டது. ஊர் முழுக்கக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றது. அருமைநாயகம் காலைத் தூக்கினார், இறக்கினார். பிடித்து இறக்கிவிடப் பொன்னுத்துரையே கைநீட்டி முன்னால் வந்தார். அவருக்கு முன்னால் வந்து லேயாள் வழியை மறித்தாள்.

"கீழ பாக்காதிய. என்னயப் பாருங்க" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தினார். டாக்டர் கோடு போட்டுக் காட்டிய நாளுக்குப் பிறகு அவர் அவளை நின்று நேராகப் பார்த்தது அப்போதுதான். காதோரம் முழுவதும் நரைத்திருந்தது. எப்போது நரைத்ததென்று அவருக்குத் தெரியவில்லை. மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது, அது அவருக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்குப் பின்னால் முகங்களாக இருந்தன, எல்லாம் செருப்பை வைத்தே அவர் அறிந்திருந்த ஆட்களின் முகங்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே, கீழே என்ன நடக்கிறது என்று பாராமல், அவர் இடது காலைத் தூக்கி வெளியே வைத்தார்.

வைத்த கால் நின்றது. ஆனால் அது உணர்ச்சியில்லாத கால். மண்ணா, கல்லா, வெறும் காற்றா என்று அது ஒன்றும் சொல்லவில்லை. அருமைநாயகம் மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏளா லேயா, ஒண்ணும் தெரியலியே. கீழ கல்லு இருக்கா?" என்றார்.

"நிக்கியல்லா? பின்ன எது மேல நிக்கிய?" என்றாள் லேயாள்.

யோசித்துப்பார்த்தபோது அது அவருக்கு நியாயமாகப் பட்டது. வலது காலையும் எடுத்து அதே படியில் வைத்தார். வலது காலுக்கு உணர்ச்சி உண்டு. கல் வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. ஓடிவந்ததில் அதற்கு லேசாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.